உரித்துப் போடும் தாள்

கம்பத்தில் லேபிள் அச்சடித்துக் குமுளிக்கு ஏற்றி அனுப்புவதுதான் எங்கள் பிழைப்பு. ஏலக்காய், மிளகு, கிராம்பு, தேயிலை, தேன், வீட்டுச் சாக்லேட், மூட்டுவலித் தைலம் என்று தேக்கடிக்கு வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்க்கும் பொருள் எதுவானாலும் அதன்மேல் ஒரு லேபிள் வேண்டும். ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் ஆங்கிலம். சபரிமலை சீசன் நெருங்கினால் தமிழும் தெலுங்கும் சேர்ந்துகொள்ளும். ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பச்சை போதாது, ஏலக்காய் மாதிரியே இருக்க வேண்டும் என்பார்கள். பசை நிற்குமா என்று கேட்பார்கள். விலையில் பத்துப் பைசா குறைக்க ஒரு தேநீர் நேரம் வாதாடுவார்கள். லேபிளுக்கு அடியில் இருக்கும் தாள் என்ன தாள் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். பிறகு, “லேபிளில் தகராறு” என்று போன் வரும்போது, பெரும்பாலும் தகராறு அந்தத் தாளில்தான் இருக்கும்.

அச்சகத்தில் அதை ரிலீஸ் பேப்பர் என்போம். சரக்கு அனுப்பும் கம்பெனிகள் லைனர் என்று பில் போடுகின்றன. பாக்கிங் அறையில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அது மஞ்சள் தாள், அவ்வளவுதான்.

ஸ்டிக்கர் பொட்டு அட்டை எல்லார் வீட்டிலும் இருக்கிறது. பொட்டின் பின்னால் பசை. ஆனாலும் அது அட்டையோடு ஒட்டிப் பிடிவாதம் செய்வதில்லை, நகத்தால் நெம்பினால் வந்துவிடுகிறது. அட்டையின் மேல் சிலிக்கோன் பூச்சு இருப்பதுதான் காரணம். லேபிளிலும் அதே ஏற்பாடுதான்: மேலே அச்சடிக்கும் முகப்பு, அதன் அடியில் பசை, பசைக்குக் கீழே சிலிக்கோன், எல்லாவற்றையும் சுமக்கும் தாள். 1935இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்டான்டன் ஏவரி தானே ஒட்டும் லேபிளை வியாபாரமாகத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த அடுக்கு அடிப்படையில் மாறவில்லை. சிலிக்கோன் பூச்சு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1 கிராம்தான் இருக்கும். சூட்டிலோ புற ஊதா ஒளியிலோ அதை இறுக்கிப் பதப்படுத்துகிறார்கள். அந்த 1 கிராம் எங்காவது விட்டுப்போனால், பசை நேராகத் தாளின் நாரைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் உரித்தால் தாளும் கிழிந்துகொண்டு வரும்.

தாளிலும் சாதி பல. ரோல் லேபிளுக்கு அதிகம் வருவது கிளாசின். நாரை நன்றாக அரைத்து, உருளைகளுக்கு நடுவில் அழுத்தி அழுத்தி, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரியும் அளவுக்கு ஆக்கிய தாள் அது. சதுர மீட்டருக்கு 60 கிராம் எடையுள்ள கிளாசின் ஏறக்குறைய 53 மைக்ரான் கனம் இருக்கும்; மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். ஷீட்டாக விற்கும் ஸ்டிக்கருக்குக் களிமண் பூசிய கனமான கிராஃப்ட் தாள். வண்டிகளில் ஒட்டும் வினைல் என்ற பிளாஸ்டிக் ஸ்டிக்கருக்குப் பாலித்தீன் பூசிய கிராஃப்ட், 120 முதல் 140 கிராம் வரை. வேகமாக ஓடும் மெஷின்களுக்குத் தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பெட் (PET) பிளாஸ்டிக்கில் ஃபிலிம். 30 மைக்ரான்தான் இருக்கும், ஆனால் இழுத்தால் அறுந்து தொலையாது.

குமுளியில் ஒரு கடைக்காரர் ஏலக்காய்ப் பாட்டிலுக்கு லேபிள் ஒட்ட மெஷின் வாங்கிப் போட்டார். அதுவரை எங்களிடம்தான் லேபிள் வாங்கிக்கொண்டிருந்தார்; மெஷின் வந்ததும் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று வேறு ஊரில் ரோல் அடித்து வாங்கினார். அதில் எனக்கு வருத்தமில்லை, வியாபாரம் அப்படித்தான். சில வாரங்களில் போன். “சேச்சி, மெஷின் சரியில்லை. தாள் அறுந்து அறுந்து போகிறது. கம்பெனி ஆள் வந்து பெல்ட் மாற்றினான், சென்சார் மாற்றினான், ஒன்றும் நடக்கவில்லை.” எங்கள் லேபிள் இல்லை என்றாலும் பார்க்கப் போனேன். பழைய வாடிக்கையாளர், போதாததற்கு, எனக்கும் வேடிக்கை பார்க்கும் ஆசை.

மெஷின் நன்றாகவே ஓடியது. தாள் ஒரு கூர்மையான தகட்டு விளிம்பில் சட்டென்று திரும்பும். லேபிளால் அந்தத் திருப்பத்தில் கூடவே வளைய முடியாது. நேராக நீட்டிக்கொண்டு பாட்டிலைத் தொடும். அந்தத் திருப்பத்தில்தான் ஒவ்வொரு முறையும் அறுந்தது. அறுந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். கிழிசல் கோணல்மாணலாக இல்லை. குறுக்காக, ஸ்கேல் வைத்துக் கீறினதுபோல் நேராக இருந்தது, அதுவும் லேபிளின் முன் விளிம்பு இருந்த இடத்தில். அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது.

கடையிலிருந்த ஸ்டாம்ப் பேடை வாங்கிக்கொண்டேன். ரோலில் ஒரு முழம் வெட்டி, லேபிள்களை எல்லாம் உரித்துவிட்டு, சிலிக்கோன் பக்கம் முழுக்க அந்த ஊதா மையைத் தேய்த்துத் துணியால் துடைத்தேன். நல்ல சிலிக்கோன் மேல் மை நிற்காது. முத்து முத்தாகத் திரண்டு துணியோடு வந்துவிடும். இதிலும் வந்துவிட்டது. தாளைத் திருப்பிக் காட்டினேன். பின்பக்கம் லேபிள் இருந்த ஒவ்வொரு இடத்திலும் ஊதா நிறத்தில் மெல்லிய கட்டம் ஊறி வந்திருந்தது. இரண்டு பக்கவாட்டுக் கோடுகள் மங்கல். ஓட்டத்துக்குக் குறுக்கே போகும் கோடு மட்டும் பேனாவால் போட்டதுபோல் அழுத்தம். கடைக்காரர் தாளையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். பெல்ட்டுக்குக் கொடுத்த காசை அப்போது நினைத்திருப்பார்.

நடந்தது இதுதான். லேபிளை வடிவம் வெட்டும்போது டையின், அதாவது வெட்டும் அச்சின், கத்தி முகப்பையும் பசையையும் மட்டும் வெட்டி, சிலிக்கோனைத் தொடாமல் நிற்க வேண்டும். ஹாஃப் கட் என்பது அதுதான். சுழலும் டையில் கத்தி முனைக்கும் அடி உருளைக்கும் இடையே விடும் இடைவெளியை லைனரின் கனத்தை வைத்தே கணக்கிடுகிறார்கள். பழைய லைனருக்குச் செய்த டையில் கனமான லைனரை ஓட்டினால் கத்தி தாளுக்குள் இறங்கும். மெல்லிய லைனரை ஓட்டினால் முகப்பே முழுதாக வெட்டுப்படாது. லேபிளைச் சுற்றியுள்ள கழிவு உரிந்து வராமல் லேபிளையும் இழுத்துக்கொண்டு போகும். ஆபரேட்டர் எரிச்சலில் அழுத்தத்தைக் கூட்டுவார். மறுபடி கத்தி தாளில் இறங்கும். எப்படிப் பார்த்தாலும் சில மைக்ரான் வித்தியாசத்தில் முடிகிற கதை. நீளவாக்கில் விழும் கீறலைத் தாள் பொறுத்துக்கொள்ளும், ஏனென்றால் இழுவையும் அதே திசைதான். குறுக்குக் கீறல் பொறுக்காது. கையால் ஒட்டியிருந்தால் அந்த ரோல் ஒரு குறையும் சொல்லாமல் தீர்ந்திருக்கும் என்பது இதில் இன்னொரு வேடிக்கை.

அதனால், லேபிள் வாங்குகிறவர்கள் வீட்டில் ஒரு ஸ்டாம்ப் பேட் வைத்துக்கொள்வது நல்லது. புது ரோல் வந்தால் தொடக்கத்திலும், முடிந்தால் நடுவில் ஓரிடத்திலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். அச்சகக்காரர்களுக்குக் கனம் அளக்கும் மைக்ரோமீட்டர் கருவி ஒன்று அவசியம். ஒரே சரக்குக் குறியீட்டில், ஒரே பெயரில் வரும் ரோலிலும் லைனர் மாறி வருவது உண்டு. எங்களிடம் ரோல் இறங்கியதும் முதல் வேலை லைனரை உரித்துத் தனியாக அளப்பதுதான். டைக்கு ஆர்டர் கொடுக்கும்போது முகப்பு என்ன என்பதோடு லைனர் எத்தனை மைக்ரான் என்றும் எழுதிக் கொடுக்கிறோம். பெட் லைனருக்கு மாறினால் பழைய டையை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். தாள் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், பெட் கொடுக்காது.

அடுத்த வில்லன் ஈரம். எங்கள் ஊரில் இது கொஞ்சம் விசேஷம். கம்பம் 400 மீட்டர் உயரத்துக்குப் பக்கம். குமுளி சுமார் 900 மீட்டர். தூரம் 25 கிலோமீட்டருக்குள்தான். ஆடி மாதத்தில் கம்பத்தில் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும், துணி அரை மணியில் காயும். அதே நேரத்தில் லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால், மேலே குடை இல்லாமல் இறங்க முடியாது. கீழே காய்ந்த காற்றில் அச்சடித்து வெட்டிய ஷீட், மேலே போய்ப் பிரித்த கொஞ்ச நேரத்தில் ஈரத்தைக் குடிக்கத் தொடங்கும். தாள் ஈரம் குடித்தால் விரியும். முகப்பு பிளாஸ்டிக்காக இருந்தால் அது விரியாது. ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டில் ஒன்று நீண்டு மற்றொன்று நீளாவிட்டால் வளையாமல் என்ன செய்யும்?

வளையும் திசையைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். பிளாஸ்டிக் முகப்புள்ள ஷீட், அச்சுப் பக்கமாகச் சுருண்டால் அடித்தாள் ஈரம் குடித்திருக்கிறது. அடித்தாள் பக்கமாகச் சுருண்டால் அடித்தாள் காய்ந்து சுருங்கியிருக்கிறது. முகப்பும் தாளாக இருந்தால் இரண்டும் அசையும், இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது. ஏ4 ஸ்டிக்கர் ஷீட்டைக் கடையிலேயே லேசர் பிரிண்டரில் அடிப்பவர்களுக்கு இது இரட்டைத் தொல்லை. ஈரத்தில் நமுத்த ஷீட் பிரிண்டருக்குள் சிக்கும்; சிக்காமல் போனால், 180 முதல் 200 டிகிரி வரை சூடாகும் உருளைக்குள் போய், குடித்த ஈரத்தை ஒரே மூச்சில் விட்டுவிட்டு மறுபக்கம் சுருண்டு வெளியே வரும். ஷீட்டைத் தேவைக்கு மட்டும் எடுத்துவிட்டு, மீதியைப் பிளாஸ்டிக் உறையிலேயே இறுக்கி மூடி வையுங்கள். மலைக்குக் கொண்டுபோன கட்டை உடனே பிரிக்காமல் ஒரு நாள் அந்த அறையிலேயே இருக்க விட்டுப் பிரியுங்கள். சரக்கைத் தயாரிப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு 20 முதல் 25 டிகிரி வெப்பம், 50 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம். குமுளியில் மழைக்காலத்தில் 50 சதவீதம் என்றால் சிரிப்பார்கள். உறையும் மூடிய அலமாரியும் இருந்தால் ஓரளவு தப்பிக்கலாம்.

தேக்கடி ஜீப்புகளில் யானையும் புலியுமாக ஒட்டுகிறார்களே, அந்த வினைலின் அடித்தாளில் பாலித்தீன் பூசியிருப்பது இந்த ஈரத்துக்காகத்தான். ஆனால் பூச்சு இருப்பது மேலும் கீழும்தான். வெட்டிய விளிம்பு திறந்தே கிடக்கும். ரோலை ஜீப்பின் பின்னால் நனையப் போட்டுவிட்டு வந்தால், விளிம்பில் அப்பளம் பொரிந்ததுபோல் அலை எழும்; அதை எந்தத் தேய்ப்பும் சரியாக்காது. விலை கூடிய வினைலில் சிலவற்றின் லைனரில் நுண்ணிய வலைக்கோடுகள் புடைத்திருக்கும். அது பசையில் வாய்க்காலாகப் பதிந்து, ஒட்டும்போது காற்று வெளியேற வழி கொடுக்கும். அப்படிப்பட்ட வினைலை உரித்து வேறு தட்டைத் தாளில் மாற்றி ஒட்டி வைக்கக் கூடாது, வாய்க்கால் மெல்ல அமுங்கிவிடும்.

இனி, லேபிள் தாளை விட்டு எவ்வளவு எளிதாகப் பிரிய வேண்டும் என்ற கேள்வி. எவ்வளவு எளிதோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். அப்படி இல்லை. ரொம்ப லேசாகப் பிரிந்தால், ரோல் வளையும் இடத்தில் லேபிள் தானாகவே தலையைத் தூக்கும். பார்கோடு பிரிண்டருக்குள் கழன்று உருளையில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுத்த அனுபவம் இருப்பவர்களுக்குத் தெரியும். ரொம்ப இறுக்கமாக இருந்தால் மெஷினில் லேபிள் பாட்டிலுக்குப் போகாமல் தாளோடு அடியில் போய்விடும். கையால் உரித்துப் பார்த்து ‘நன்றாக வருகிறது’ என்று முடிவு கட்டுவதும் சரியில்லை. பிரிக்கத் தேவையான விசை வேகத்தைப் பொறுத்து மாறும். அதனால்தான் லேபிள் தொழிலின் ஐரோப்பியச் சங்கமான ஃபினாட் இதற்கு இரண்டு சோதனைகள் வைத்திருக்கிறது: ஒன்று நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில், இன்னொன்று நிமிடத்துக்கு 10 மீட்டரிலிருந்து 300 மீட்டர் வரை. கையில் வெண்ணெயாக வரும் லேபிள் மெஷின் வேகத்தில் முரண்டு பிடிக்கலாம். மெஷினுக்கு வாங்குகிறீர்கள் என்றால், மெஷினில் ஒரு மாதிரி ரோல் ஓட்டிப் பார்க்காமல் பெரிய ஆர்டர் கொடுக்காதீர்கள்.

கையால் ஒட்டும் இடங்களுக்கு நியாயமே வேறு. குமுளியின் பாக்கிங் அறைகளில் பெரும்பாலும் பெண்கள். எஸ்டேட் வேலைக்குப் போய் முடியாமல் இங்கே வந்தவர்களும் உண்டு. காலையிலிருந்து மாலை வரை லேபிளின் ஓரத்தை நகத்தால் நெம்பிக்கொண்டே இருந்தால் நகக்கண் என்ன ஆகும்? ஒரு அக்கா கட்டைவிரலில் எப்போதும் துணி சுற்றியிருப்பார். அவர் சொல்லித்தான் நான் கைவேலைக்குப் போகும் ரோலுக்குக் கொஞ்சம் விறைப்பான லைனர் போடத் தொடங்கினேன். ரோலை மேசை விளிம்பில் வைத்து, தாளைக் கீழ்ப்பக்கமாகச் சட்டென்று மடக்கி இழுத்தால் லேபிள் தானாக முன்னால் நீளும். இரண்டு விரலால் எடுத்துக்கொள்ளலாம். மெஷினின் தகடு செய்யும் அதே வேலை. அதாவது, தாளிலிருந்து லேபிளை உரிக்காமல், லேபிளிலிருந்து தாளை உரிப்பது. லேபிளும் சுருளாமல் நேராக வரும். பாட்டிலில் சுருக்கமில்லாமல் உட்காரும். ஷீட் லேபிளாக இருந்தால் அடித்தாளில் முன்கூட்டியே நெடுக்குக் கீறல் போட்டுக் கேளுங்கள். ஷீட்டை லேசாக வளைத்தாலே கீறல் வாய் திறக்கும். இதற்குச் சரக்கு விலையில் பெரிய வித்தியாசம் வராது, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்.

மலிவுச் சரக்கில் இன்னொரு நோய் இருக்கிறது. லேபிள் தாளிலிருந்து அழகாகப் பிரியும், பாட்டிலில் ஒட்டும், இரண்டு நாளில் விழுந்துவிடும். எல்லாரும் பசையைத் திட்டுவார்கள். கிராம்பு எண்ணெய், தைலம் போன்றவற்றில் பாட்டிலின் வெளிப்பக்கம் எண்ணெய் வழிந்திருந்தால் பசை இளகுவது உண்மைதான். அதை முதலில் துடைத்துப் பார்க்க வேண்டும். சுத்தமான கண்ணாடியிலும் நிற்கவில்லை என்றால், சரியாகப் பதப்படாத சிலிக்கோன் பசைக்கு இடம் மாறியிருக்கலாம். கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். லேபிளை உரித்த தாளின் சிலிக்கோன் பக்கத்தில் நல்ல செலோ டேப் ஒரு துண்டை அழுத்தி ஒட்டி எடுங்கள். பிறகு அந்த டேப்பின் பசைப்பக்கத்தை அதன்மேலேயே மடித்து ஒட்டுங்கள். புது டேப்பைப்போல் பிடித்துக்கொண்டால் சிலிக்கோன் நல்ல சிலிக்கோன். வழுக்கிக்கொண்டு பிரிந்தால் சிலிக்கோன் டேப்புக்கு வந்துவிட்டது, லேபிளுக்கும் வந்திருக்கும். விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். எண்ணெய் இழுவியதுபோல் மங்கல் தடம் விழுந்தாலும் அதே தீர்ப்புதான்.

பார்கோடு பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். லேபிளுக்கும் லேபிளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பிரிண்டர் வெளிச்சத்தை ஊடுருவ விட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. கிளாசினில் வெளிச்சம் எளிதாகப் புகும். கனத்த கிராஃப்ட்டில் மங்கிவிடும். லைனர் மாறியதும் பிரிண்டர் வெறும் லேபிளாகத் துப்பத் தொடங்கினால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் சென்சாரை மறுபடி அளவு பார்க்கச் செய்யுங்கள். வெளிச்சம் புகாத லைனர்தான் வேண்டும் என்றால் பின்பக்கம் கறுப்புக் குறி அச்சடித்து வாங்க வேண்டும்.

கடைசியில் அந்தத் தாள் எங்கே போகிறது என்பது. 100 மில்லிமீட்டர் அகலம், 1000 மீட்டர் நீளமுள்ள ரோலில் 60 கிராம் கிளாசின் என்றால், லேபிள் எல்லாம் தீர்ந்தபின் 6 கிலோ தாள் மிஞ்சும். பழைய பேப்பர் கடைக்காரர் தொட்டுப் பார்த்தே வேண்டாம் என்பார். சாதாரணக் காகித ஆலையின் கூழ்த்தொட்டியில் சிலிக்கோன் தொந்தரவு செய்யும். அதற்கென்று ஏற்பாடு உள்ள ஆலைகள்தான் எடுக்கும். வழவழவென்று இருக்கிறதே என்று ஒரு சாக்லேட் கடையில் இதை வெட்டித் தட்டில் விரித்திருந்தார்கள். பார்த்ததும் எடுக்கச் சொல்லிவிட்டேன். கேக் சுடும் தாளிலும் சிலிக்கோன் பூச்சு உண்டு, ஆனால் அது உணவுக்கென்று தயாரித்து, சோதித்து வருவது. இது பசையைத் தாங்குவதற்காக வந்த தாள், பல கை மாறி, அச்சகத் தரையிலும் உருண்டிருக்கும். வினைல் ஒட்டுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறார்கள்: வெட்டிய எழுத்துகளைத் தற்காலிகமாக ஒட்டி வைக்கவும், அச்சின் மேல் போட்டுத் தேய்த்தால் கீறல் விழாமல் காக்கவும் பழைய ரிலீஸ் பேப்பரைப்போல் உதவுவது வேறில்லை.

பெட் லைனருக்குப் பழைய பிளாஸ்டிக் வியாபாரி ஒருவர் கிடைத்திருக்கிறார். தாளோடு கலக்காமல், லேபிள் துண்டு ஒன்றுகூட ஒட்டியிருக்காமல், தனிச் சாக்கில் கட்டிக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறார். மேலே உள்ள மெஷின்காரர்களிடம் சாக்கு கொடுத்து வைத்திருக்கிறோம். லேபிள் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டியில் ஏற்றி அனுப்புகிறார்கள். கிளாசின் மட்டும் அச்சகத்தின் பின்னறையில் மூட்டையாக ஏறிக்கொண்டிருக்கிறது. கம்பம், தேனி பக்கத்தில் அதை எடுக்கும் ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். விலை கூட வேண்டாம், வண்டி வாடகை மிஞ்சினால் போதும்.